அலுமாரிக்குள் கிடக்கும் மேடைகள்: கொழும்பு பொப் இசைக் காலத்து ஒலிநாடாக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலம், எந்த மேடைகள்?

1960களின் பிற்பாதியில் தொடங்கி 1983 ஜூலை இனக்கலவரம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் பொப் இசை என்ற பெயர் நிலைத்த காலம் அது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன், எஸ். இராமச்சந்திரன், அமுதன் அண்ணாமலை, இமானுவேல், ஸ்டனி சிவானந்தன் என்று பெயர்கள் வரும். அதே ஆண்டுகளில் கோல்ஃபேஸ் ஹோட்டலின் கோக்கனட் குரோவ், கல்கிசை ஹோட்டலின் லிட்டில் ஹட் போன்ற இடங்களில் ஆங்கிலப் பாட்டுக் குழுக்கள் வாசித்தன. ஜெட்லைனர்ஸ், ஸ்பிட்ஃபயர்ஸ் அந்த வகை. சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ், நோயல் ரணசிங்கவின் லா சிலோனியன்ஸ், பிறகு ஜிப்சீஸ். இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, பொலிஸ் சேவையில் இருந்தபடியே பைலா என்ற ஆட்டப் பாட்டை மேடைக்குக் கொண்டுவந்த வொலி பெஸ்டியன்.

தமிழ் நிகழ்ச்சிகளின் அறிவித்தல்களில் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம், வெள்ளவத்தை ராமகிருஷ்ண மிஷன் மண்டபம், கொழும்பு 13இல் விவேகானந்த சபை மண்டபம். இவற்றோடு பாடசாலை மண்டபங்கள், கார்னிவல் மைதானங்கள், கலியாண வீடுகள். வீட்டுக் கசெட்டுகளில் பெரும்பாலும் இருப்பது இந்தக் கடைசி மூன்றுந்தான்.

பாட்டுகள் எல்லாம் இணையத்தில் இருக்கின்றனவே. பழைய கசெட்டை ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

இணையத்தில் இருப்பது பெரும்பாலும் இசைத்தட்டில் வந்த பாட்டு. 45 சுழற்சித் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடம் கொள்ளும். பாட்டை அதற்குள் வெட்டிப் பாடினார்கள். மேடையில் அதே பாட்டு ஏழு, எட்டு நிமிடம் போகும். சபையைப் பார்த்து வரி மாற்றுவார்கள், அந்த மண்டபத்துக்கென்றே ஒரு அடி சேர்ப்பார்கள், தமிழில் தொடங்கி சிங்களத்தில் போய் மறுபடி தமிழுக்கு வருவார்கள். எந்தப் பாட்டுக்கு எழும்பி ஆடினார்கள், எதற்கு விசில், அறிவிப்பாளர் என்ன சொல்லிப் பாடகரை அழைத்தார், கடைசி அரை மணித்தியால பைலா எந்த ஒழுங்கில் ஓடியது என்பதெல்லாம் தட்டில் கிடையாது. மூன்றாம் வரிசையில் யாரோ மடியில் வைத்திருந்த ரெக்கோடரில்தான் அது பதிந்திருக்கிறது. பாட்டு பத்துப் பேரிடம் இருக்கலாம். அந்த இரவு உங்கள் கசெட்டில் மட்டும் இருக்கலாம்.

கசெட்டில் திகதியே எழுதவில்லை. எந்த ஆண்டு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் கசெட்டின் வகையைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். கசெட்டின் தயாரிப்புக் காலம், அந்தக் கசெட்டில் பதிந்தது அதற்கு முந்தியல்ல என்பதை மட்டுமே சொல்லும். பலர் ஒரே கசெட்டில் மேலுக்கு மேல் பதிந்தார்கள். ஸ்பூலிலிருந்து (கசெட்டுக்கு முந்திய, கூடில்லாத பெரிய சுற்று நாடா) கசெட்டுக்கு மாற்றியவர்களும் உண்டு. பொதுவாக ஒன்று சொல்லலாம்: 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது, 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகுதான் கசெட் ரெக்கோடர் சாதாரண வீடுகளுக்குள் பெருமளவில் வந்தது. ஆகவே 1977க்கு முந்திய மேடை ஒன்று கசெட்டில் இருந்தால், அது ஸ்பூலிலிருந்து எடுத்த பிரதியோ என்று சந்தேகியுங்கள். மூல ஸ்பூல் இன்னொரு வீட்டில் இருக்கக்கூடும்.

அடுத்து, பேச்சைக் கேளுங்கள். பாட்டைவிட அறிவிப்பு அதிகம் காட்டிக்கொடுக்கும். வானொலியின் பெயர் ‘இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம்’ என்று வருகிறதா? கூட்டுத்தாபனம் 1967இல்தான் வந்தது. ரூபவாஹினி பற்றிய பகிடி இருக்கிறதா? அது ஒளிபரப்பைத் தொடங்கியது 1982 பெப்ரவரி. சுயாதீனத் தொலைக்காட்சி 1979. அறிவிப்பாளரின் குரலே ஒரு அடையாளந்தான். கே. எஸ். ராஜாவின் வேகத்தையும் பி. எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பையும் வானொலி கேட்டு வளர்ந்த எவரும் பத்து விநாடியில் பிரித்துச் சொல்வார்கள்.

துண்டுப்பிரசுரமோ டிக்கெட்டோ இருந்தால் வேலை இலகு. ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்று இருந்தால் 1972 மே 22க்கு முந்தியதாக இருக்கலாம், ஆனால் அச்சகங்கள் பழைய அச்சுக்கட்டையை விடாமல் பாவிக்கும் என்பதால் இதை மட்டும் நம்பக்கூடாது. போயாவைப் பாருங்கள்: 1966 முதல் 1971 வரை வாராந்த விடுமுறை ஞாயிறு அல்ல, போயா (சந்திரனின் நிலையைப் பொறுத்து வரும் பௌத்தப் புனித நாள்). நிகழ்ச்சி சாதாரணமான ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு என்று இருந்தால் அச்சுப்பிழை என்று ஒதுக்காதீர்கள். அந்த ஆண்டுகளின் போயா நாட்களோடு ஒப்பிடுங்கள். வீதிப் பெயரும் உதவும்: டரட் றோட்டா, தர்மபால மாவத்தையா? அச்சகத்தின் தொலைபேசி எண் ஐந்து இலக்கமா ஆறு இலக்கமா என்பதும் காலத்தை ஒரு பக்கமாக நெருக்கும்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வந்த பிறகு, கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய வீரகேசரி, தினகரன் பார்க்கலாம். முதலில் அங்கே போனால் ஒரு மாதம் போய்விடும்.

கசெட், ஸ்பூல், இசைத்தட்டு மூன்றும் இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது?

வினாகிரி மணக்கும் ஸ்பூல் இருந்தால் அதை. பிறகு மற்ற ஸ்பூல்கள், பிறகு வீட்டில் பதிந்த கசெட்டுகள். கடையில் வாங்கிய கசெட்டும் தட்டும் கடைசி. வேறு எங்காவது ஒரு பிரதி இருக்கும்.

கசெட்டைப் போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

நாற்பது வருடம் கிடந்த கசெட்டை எடுத்த எடுப்பில் பிளேயருக்குள் தள்ளுவதுதான் மிகப் பெரிய தவறு. வெளிச்சத்தில் பிடித்து நான்கு விஷயம் பாருங்கள்.

ஒன்று, பூஞ்சணம். சிறு ஜன்னல் வழியே நாடாச் சுற்றின் விளிம்பில் வெள்ளை அல்லது சாம்பல் நிறத் திட்டுத் தெரிந்தால் போடவே வேண்டாம். கொழும்பின் ஈரக்காற்றில் இது சர்வசாதாரணம். பிளேயருக்குள் போனால் அடுத்து வரும் ஒவ்வொரு கசெட்டுக்கும் தொற்றும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு கிழமை வையுங்கள். காய்ந்த பிறகு, முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டி எடுக்கலாம். முதல் ஓட்டத்துக்கு வீசினாலும் பரவாயில்லை என்ற பழைய பிளேயரைப் பாவியுங்கள்.

இரண்டு, அழுத்தப் பஞ்சு. கசெட்டின் திறந்த பக்கத்தின் நடுவில், மெல்லிய செப்புத் தகட்டில் ஒட்டிய சிறு பஞ்சுத் துண்டு இருக்க வேண்டும். பசை காய்ந்து விழுந்திருந்தால் சத்தம் வந்து வந்து போகும், உயர் சுரம் மங்கும். ‘நாடா பழுதாகிவிட்டது’ என்று தூக்கி எறியப்படும் கசெட்டுகளில் கணிசமானவற்றுக்கு இதுதான் வருத்தம்.

மூன்று, பின்விளிம்பில் உள்ள இரண்டு சிறு தகடுகள். உடைக்காமல் இருந்தால் இப்போதே உடைத்துவிடுங்கள்; தவறுதலாகப் பதிவு விசையை அழுத்தினாலும் அழியாது.

நான்கு, நீளம். 60, 90 நிமிடக் கசெட்டுகளுக்குப் பயமில்லை. 120 நிமிடக் கசெட்டின் நாடா 60இல் உள்ளதில் பாதித் தடிப்புத்தான். இழுபட்டு உருளையில் சுற்றிக்கொள்ளும். வேகமாகச் சுற்றுவதை ஒரு முறையோடு நிறுத்துங்கள்.

எல்லாம் சரியென்றால் ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தத்துக்கு ஒரு தடவை சுற்றி, திரும்பவும் சுற்றிவிட்டுப் போடுங்கள். ஒட்டிக் கிடக்கும் சுற்றுகள் அப்போது பிரியும்.

பஞ்சு விழுந்த கசெட்டை நாமே சரிசெய்யலாமா?

செய்யலாம். ஐந்து திருகாணி போட்ட வெற்றுக் கசெட் ஒன்று தேவை. ஒட்டிய வகை உதவாது. அதைத் திறந்து உள்ளே இருக்கும் நாடாவை எடுத்துவிட்டு, உங்கள் நாடாவை இரண்டு சக்கரத்தோடும் அப்படியே தூக்கி வைக்க வேண்டும். திறந்ததும் கைப்பேசியில் ஒரு படம் எடுங்கள்: மூலை உருளைகள் இரண்டு, மேலும் கீழும் வழுக்குத் தாள், நாடா போகும் வழி. பழையது ஒட்டிய கசெட்டாக இருந்தால் மெல்லிய கத்தியால் விளிம்பு வழியே கீறி உடைக்கவேண்டி வரும். நாடா ஓடும் முன்பக்கத்தில் தொடங்காதீர்கள், பின்பக்கத்தில் தொடங்குங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்யவும்.

எப்படிப்பட்ட பிளேயர் வேண்டும்?

இன்று கடையில் கிடைக்கும், கணினியில் செருகும் சின்னக் கசெட் பிளேயரை வாங்காதீர்கள். வேகம் ஆடும், நாடாவைப் படிக்கும் தலையும் தரமில்லை. மேசையில் வைக்கும் பழைய டெக் ஒன்று, பின்னால் சிவப்பு வெள்ளைச் சொக்கட் இரண்டு உள்ளதாக, தேடுங்கள். வாங்கியதும் றப்பர் பெல்ட்டை மாற்றவே வேண்டும். பழைய பெல்ட் கறுப்புப் பாகாக உருகி உருளையில் ஒட்டியிருக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் உதிரிப்பாகக் கடைகளில் அளவு சொல்லிக் கேட்கலாம். பழையதை நூலால் சுற்றி அளந்து, அதைவிட நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வீதம் குறைவான சுற்றளவு கேளுங்கள், ஏனென்றால் பழையது இழுபட்டிருக்கும்.

தலையையும் நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பாமசியில் சாதாரணமாகத் தரும் 70 வீதத்தில் தண்ணீர் அதிகம். றப்பர் உருளைக்கு இலேசான சவர்க்கார நீர் போதும். பழைய நாடா செம்மண் நிறத் தூளை உதிர்க்கும், ஆகவே ஒவ்வொரு கசெட்டுக்குப் பிறகும் துடைக்க வேண்டும்.

சத்தம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கிறது. என்ன செய்வது?

தலையைத் துடைத்தும் அப்படியே என்றால் தலையின் சரிவுதான் காரணம். பதிந்த ரெக்கோடரின் தலை ஒரு கோணத்தில் நின்றது, உங்கள் பிளேயரின் தலை வேறு கோணத்தில் நிற்கிறது. தலையின் ஒரு பக்கத்தில், சுருள் வில்லோடு சேர்ந்த சிறு திருகாணி இருக்கும். அது நிற்கும் இடத்தைப் பேனாவால் அடையாளம் வைத்துக்கொண்டு, பாட்டு ஓடும்போதே மிக மெதுவாகத் திருப்புங்கள். சிம்பல் சத்தமும் பாடகரின் ‘ஸ’ ஒலியும் பளிச்சென்று வரும் இடத்தில் நிறுத்துங்கள். கால் சுற்றுக்கு மேல் தேவைப்படாது. இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் கேட்டால் சரியான இடம் தெளிவாகப் பிடிபடும். பக்கம் மாற்றினால் மறுபடி பார்க்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் திருகாணியைப் பழைய அடையாளத்துக்குத் திருப்பிவிடுங்கள்.

எங்கள் கணிப்பில், விலை கூடிய கருவி வாங்குவதைவிட இந்த ஒரு திருகாணி அதிகம் தரும்.

பாடகரின் குரல் கீச்சென்று இருக்கிறது, பாட்டும் வேகமாகப் போகிறது. ஏன்?

பதியும்போது பற்றரி இறங்கியிருக்கும். நாடா வினாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். மெதுவாக ஓடிப் பதிந்தால், சரியான வேகத்தில் போடும்போது வேகமாகக் கேட்கும். ஆறு வீதம் பிசகினால் ஏறக்குறைய அரைச் சுரம் ஏறிவிடும்.

திருத்துவதற்குக் காதை நம்ப வேண்டியதில்லை. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மண்டபத்து அம்பிளிபையரின் ‘ம்ம்’ என்ற இரைச்சல் பதிவில் பெரும்பாலும் இருக்கும். ஓடாசிட்டி என்ற இலவச மென்பொருளில், பாட்டில்லாத சில விநாடிகளைத் தெரிவுசெய்து அலைவரிசைப் பகுப்பாய்வு பாருங்கள். அந்த இரைச்சலின் உச்சம் 52இல் நின்றால் பதிவு நான்கு வீதம் வேகம். 50ஐ 52ஆல் வகுத்தால் வரும் 0.96 மடங்குக்கு வேகத்தைக் குறையுங்கள். 150இல் நிற்க வேண்டிய மூன்றாம் மடங்கைப் பார்த்தால் இன்னும் துல்லியம்: அது 156இல் நிற்கும். பற்றரி போகப் போக இறங்குவதால், கசெட்டின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் தனித்தனியே அளக்கவும். மின்சாரமும் கொஞ்சம் ஏறி இறங்கும் என்பதால் தசமப் புள்ளிக்குப் பின்னால் போய்த் தலையை உடைக்கத் தேவையில்லை. திருத்தாத கோப்பையும் வைத்திருங்கள்.

கணினிக்கு எப்படி ஏற்றுவது?

டெக்கின் பின்பக்கச் சொக்கட்டிலிருந்து, ‘லைன் இன்’ உள்ள வெளி ஒலி இடைமுகக் கருவி வழியாக. மடிக்கணினியின் மைக் துளையில் நேரே செருகாதீர்கள். அது மைக்கின் மெல்லிய மின்னுக்குச் செய்தது, உடைந்த சத்தமே வரும். ‘வேவ்’ கோப்பாக, 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் போதும். 90 நிமிடக் கசெட் ஸ்டீரியோவில் ஏறக்குறைய 1.6 கிகாபைட் பிடிக்கும். ‘எம்பி3’ ஆளுக்கு ஆள் அனுப்பத்தான், சேமிக்க அல்ல.

ஒலி மட்டத்தைப் பாட்டை வைத்துச் சரிசெய்யாதீர்கள், கைதட்டலை வைத்துச் சரிசெய்யுங்கள். அதுதான் உச்சம், அது –6 டெசிபெலைத் தாண்டக்கூடாது. புதிதாக இரைச்சல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

பக்கத்தை நடுவில் வெட்டாமல் முழுதாக ஏற்றுங்கள். பாட்டுப் பாட்டாகப் பிரிப்பது பிறகு, பிரதியில்.

இரைச்சலையும் கூட்டத்தின் சத்தத்தையும் நீக்கிவிடலாமா?

மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். பிரதியில் செய்தாலும் மிகக் கொஞ்சம். இரைச்சல் நீக்கியைக் கூட்டினால் முதலில் போவது விசிலும் சிம்பலும், பிறகு பாடகரின் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வரும். கைதட்டல் வந்ததும் பாட்டு அமுங்கி மெதுவாக எழும்புவது ரெக்கோடரின் தானியங்கி மட்டக் கட்டுப்பாட்டால். அது பழுது அல்ல, திருத்தவும் முடியாது. ‘தம்பி, சோடா எங்கே’ என்று பக்கத்தில் யாரோ கேட்பதும் அந்த இரவின் பகுதிதான்.

ஸ்பூல் நாடாவில் எல்லாம் தலைகீழாகப் பேசுகிறார்கள்!

நாடா நான்கு தடத்தில் பதியப்பட்டிருக்கிறது, உங்கள் பிளேயர் அரைத் தடம், நாடாவின் பாதி அகலத்தை ஒரேயடியாகப் படிக்கும். மறுபக்கத்து நிகழ்ச்சி பின்னோக்கி ஓடிக் கலக்கிறது. நான்கு தடப் பிளேயர் தேடுங்கள். வேகம் வினாடிக்கு 19, 9.5, 4.75 சென்ரிமீற்றர் என்று மூன்றில் ஒன்றாக இருக்கும். வீட்டுப் பதிவு பெரும்பாலும் நடுவில் உள்ளது. சுற்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒளி ஊடுருவுகிறதா? அது அசிட்டேட். வினாகிரி மணம் வருவது அதுதான், இழுத்தால் இழுபடாமல் பட்டென்று அறும். மற்ற நாடாக்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

இசைத்தட்டுகள்?

சுருக்கமாக: 45இன் நடுத்துளை 38 மில்லிமீற்றர் என்றால் நடுவில் வைக்கும் வட்டு வேண்டும். ஊசியின் பாரம் கருவி சொல்லும் அளவில், சாதாரணக் காந்த ஊசிக்கு 1.5 முதல் 2 கிராம். பெட்டி வடிவ மலிவுப் பிளேயர் அதைவிடப் பல மடங்கு அழுத்தும். 78 சுழற்சித் தட்டுக்கு அகலமான வேறு ஊசி வேண்டும். அந்தத் தட்டை அல்ககோலால் துடைத்தால் அரக்கு கரைந்துபோகும்; காய்ச்சி வடித்த நீரும் ஒரு துளி பாத்திரச் சவர்க்காரமும் போதும். பெயர்த்தாள் நனையக்கூடாது.

யார் வாசித்தார்கள் என்று தெரியவில்லை. பழைய கலைஞர்களிடம் எப்படிக் கேட்பது?

‘எந்த ஆண்டு, அண்ணை?’ என்று தொடங்கினால் அவர் ஒரு எண்ணைச் சொல்லி, அதிலேயே நின்றுவிடுவார். முதலில் பதிவைப் போட்டுக் காட்டுங்கள், பேசாமல் இருங்கள். பிறகு பொருளைப் பற்றிக் கேளுங்கள்: பேஸ் கிட்டார் யாருடையது, ட்ரம்ஸ் சொந்தமா வாடகையா, பொங்கோவா கொங்கோவா, மைக் எத்தனை, அதை எப்படிக் கொண்டுபோனீர்கள், திரும்பி வர பஸ் இருந்ததா, ஊரடங்கு இருந்ததா. 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்கு முன்னா பின்னா என்பது ஊரடங்குக் கேள்வியில் தானாக வந்துவிடும். பைலாவில் 6/8 தாளத்தை யார் பிடித்தார் என்று கேட்டால் தாளக்காரரின் பெயர் கட்டாயம் வரும். பாடகர்களை எல்லோருக்கும் ஞாபகம், தாளக்காரரைச் சகக் கலைஞர்களுக்குத்தான் ஞாபகம். 1983இல் வீட்டோடு எல்லாம் போனவர்கள் பலர். ‘படம் இருக்கிறதா’ என்ற கேள்வியைப் பார்த்துக் கேளுங்கள்.

சிங்களக் கலைஞர்களையும் விட்டுவிடாதீர்கள். ஆர். முத்துசாமி, எம். கே. றொக்சாமி போன்ற தமிழர்கள் சிங்களத் திரையிசையில் இருந்ததுபோல, தமிழ் மேடைகளில் பின்னணி வாசித்தவர்களில் சிங்களவரும் பறங்கியரும் மலாயரும் இருந்தார்கள்.

இணையத்தில் போடலாமா?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாடலை ஆக்கியவரின் உரிமை அவர் இறந்து 70 ஆண்டு வரை. ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு. கசெட் உங்களுடையது என்பதால் பாட்டு உங்களுடையதாகாது. பாடகரையோ குடும்பத்தையோ கேட்டு, எழுத்தில் ஒரு சம்மதம் வாங்குங்கள். முழுக் கோப்பின் ஒரு பிரதியை, இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்க்கும் நூலக நிறுவனத்துக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்கலாம். கோப்பின் பெயரில் ஆண்டு, இடம், குழு, பக்கம் இருக்கட்டும். தெரியாத இடத்தில் ‘தெரியாது’ என்றே எழுதுங்கள், ஊகத்தை எழுதாதீர்கள்.

ஏற்றி முடிந்தது. கசெட்டை வீசலாமா?

வேண்டாம். முழுவதும் சுற்றி முடித்து, உறையில் போட்டு, புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். வெள்ளவத்தை, தெஹிவளையில் கடற்கரைப் பக்கத்து அறை வேண்டாம், உப்புக்காற்று திருகாணியையும் செப்புத் தகட்டையும் தின்னும். ஸ்பீக்கருக்கு மேலும் வைக்கக்கூடாது, அதன் காந்தம் நாடாவுக்கு ஆகாது. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறியதும் அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.